காம்பு விட்ட பின்

பேரிக்காயின் தோலைப் பார்த்து அதன் பக்குவத்தைச் சொல்லிவிட முடியாது. மாம்பழம் மஞ்சளேறித் தன் நாளை அறிவிக்கும். பலா வாசனையாலேயே தெருவைக் கூப்பிடும். பேரியின் பல வகைகளோ கடைசி வரை பச்சையாகவே இருக்கும். அதன் உள்நிலை தெரிய ஒரு வழிதான் உண்டு. காம்புக்குக் கீழே கழுத்துப் பக்கம் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே இளகியிருந்தால் சாப்பிடலாம். பருத்த அடிப்பக்கம் இளகும் வரை காத்திருந்தால், நடுப்பகுதி அதற்குள் குழைந்து பழுப்பேறியிருக்கும்.

ஐரோப்பியப் பேரி உள்ளிருந்து வெளியே கனிகிற பழம். மரத்திலேயே விட்டுவைத்தால் விதையைச் சுற்றிய சதை முதலில் கெடும். மேற்சதை அப்போதும் கெட்டியாக, குறையேதும் இல்லாததுபோல் இருக்கும். அதனால் தோட்டக்காரர்கள் காய் முற்றியதும், கனிவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். முற்றிவிட்டதா என்று அறிய அவர்கள் செய்வது மிக எளியது. தொங்குகிற காயை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல மேலே தூக்குகிறார்கள். காய் படுக்கை வாட்டத்துக்கு வரும்போது காம்பு தானாகவே கிளையை விட்டால் அதன் நேரம் வந்துவிட்டது. இழுக்கவேண்டி இருந்தால் இன்னும் வரவில்லை. கையை எடுத்துக்கொண்டு அடுத்த காய்க்குப் போய்விடுகிறார்கள்.

இந்தச் சின்னச் செய்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் அமைதி வருகிறது. கை அங்கே ஒரு கேள்வி கேட்கிறது, அவ்வளவுதான். பதில் மரத்திடமிருந்தும் காயிடமிருந்தும் வருகிறது. வேண்டும் என்று நாம் நினைக்கிற எத்தனை விஷயங்களை இப்படி ஏந்திப் பார்த்திருக்கிறோம்? பெரும்பாலும் இழுத்துத்தான் பார்க்கிறோம். கிளையும் முறிகிறது, காயும் துவர்க்கிறது.

பறித்த பிறகும் பேரி உடனே கனிந்துவிடாது. அதற்குக் குளிர் வேண்டும். நீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரில் கோமீஸ் என்ற வகையை ஏறத்தாழ ஒரு மாதமும், ஆன்ஷூ என்ற வகையை ஏறத்தாழ இரண்டு மாதமும் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரைக் கடந்த பிறகு சாதாரண அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால்தான் காய் தனக்குள் எத்திலீன் என்ற வாயுவைச் சுரந்து, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி, சதையை இளக்கிக்கொள்கிறது. குளிரைத் தவிர்த்துவிட்டால் பல நாள் வைத்தாலும் சரியாகக் கனியாமல் அப்படியே வதங்கிப்போகலாம். சீனாவிலும் ஜப்பானிலும் விளையும் ஆசியப் பேரிகள் வேறு குணம் கொண்டவை. அவை மரத்திலேயே பக்குவமடைந்து, கடைசி வரை நறுக்கென்று கடிக்கும்படி இருக்கும்.

ஐரோப்பியப் பேரியைப் பொறுத்தவரை, தாயிடமிருந்து பிரிவதும் குளிரில் கிடப்பதும் கனிவதற்கு முன் நடந்தாக வேண்டியவை. பிரிவைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் ஞானிகள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவற்றைவிட இந்தக் காய் பக்கத்தில் நிற்கிறது. மரத்தில் இருந்தவரை அதற்குச் சாறு வந்தது, வெயில் வந்தது, காற்று வந்தது. பெற்றுக்கொள்வதே அப்போது அதன் வேலை. காம்பு விட்ட பிறகு புதிதாக எதுவும் வருவதில்லை. ஏற்கெனவே பெற்றதை வைத்துக்கொண்டுதான் அது இனிமையாக மாறவேண்டும். பெற்றோரை இழந்தவர்களும், குருவை விட்டு வெகுதூரம் வந்துவிட்டவர்களும், பிள்ளைகள் போன வீட்டில் இருப்பவர்களும் இந்த நிலையை அறிவார்கள். இனி யாரும் ஊட்டப்போவதில்லை. ஊட்டியது எல்லாம் உள்ளே இருக்கிறது.

கொடைக்கானல் மலையில் வில்பட்டி, பள்ளங்கிப் பக்கமெல்லாம் பேரி மரங்கள் உண்டு. ஆடி, ஆவணியில் சாலையோரக் கூடைகளில் பச்சையும் பழுப்பும் கலந்த காய்கள் குவிந்திருக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் கெட்டியாகவே நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்றுவிடுகிறார்கள். பழுத்தாலும் பழுக்காவிட்டாலும் தமிழில் அதற்குப் பேரிக்காய் என்றுதான் பெயர். அங்கே கூடை வைத்திருந்த ஒரு பாட்டியிடம், வீட்டில் எப்படிப் பழுக்க வைப்பது என்று கேட்டேன். அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைக்கச் சொன்னார். கூடவே இதையும் சொன்னார்: "பழுத்துருச்சா பழுத்துருச்சான்னு தெனம் எடுத்து அமுக்கிப் பாக்காதீங்க தம்பி. அமுக்குன எடமெல்லாம் கன்னிப் போயிரும். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அவர் சொன்னது காயைப் பற்றித்தான். ஆனால் பூஜையும் ஜபமும் தியானமும் செய்கிற பலரிடம் நான் பார்க்கிற துன்பம் இதுவே. தன் மனம் கனிந்துவிட்டதா என்று அவர்கள் தினமும் எடுத்து அமுக்கிப் பார்க்கிறார்கள். இன்று கோபம் வந்ததா, நேற்றைவிடக் குறைவாக வந்ததா, கண்ணில் நீர் வந்ததா, ஏன் வரவில்லை. இப்படி அமுக்கி அமுக்கியே மனம் கன்றிப்போகிறது. பக்தியில் ஒரு மூடி வேண்டும். வைத்துவிட்டு மூடிவிடுகிற நம்பிக்கை வேண்டும். உள்ளே நடப்பதை நடத்துகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று விட்டுவிடத் தெரியவேண்டும்.

பேரியைக் கடிக்கும்போது பல்லில் லேசாக மணல் நெறிபடுவதுபோல் இருக்கும். அது மணல் அல்ல. காய் பிஞ்சாக இருக்கும் காலத்தில் அதன் சதையில் சில செல்கள் தங்கள் சுவரை மேலும் மேலும் தடிப்பாக்கிக்கொண்டு, கடைசியில் அந்தச் சுவருக்குள்ளேயே இறந்துபோகின்றன. தாவரவியலில் அவற்றைக் கல் செல்கள் என்கிறார்கள். சின்னச் சின்னக் கொத்துகளாக, விதைப்பகுதியைச் சுற்றி அதிகமாக அவை இருக்கும். பழம் எவ்வளவு கனிந்தாலும் அவை இளகுவதில்லை. சுற்றியுள்ள சதைதான் இளகித் தேனாகி அவற்றைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. கனிந்தவர்கள் என்று நாம் வணங்குகிற மனிதர்களின் பேச்சிலும் சில இடங்களில் இப்படி நெறிபடும். சிறு வயதில் பட்ட ஏதோ ஒன்று அங்கே கல்லாகக் கிடக்கிறது. அதைக் கரைத்தால்தான் முக்தி என்று நான் நினைக்கவில்லை. சுற்றிலும் இனிமை சேர்ந்துவிட்டால் போதும்.

பேரிக்காயைப் பற்றி உலகம் மறக்காத ஒரு வாக்குமூலம் உண்டு. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரில் 354-ல் பிறந்தவர் புனித அகுஸ்தீன். அவருடைய பதினாறாவது வயதில் வீட்டில் பணமுடை. மதௌரா என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்தவரைத் தந்தை பத்ரீசியுஸ் திரும்ப அழைத்துக்கொண்டார். கார்த்தேஜுக்கு மேற்படிப்புக்கு அனுப்பப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஓராண்டு பையன் ஊரில் சும்மா இருந்தான். தாய் மோனிக்கம்மாள் கவலைப்பட்டார். வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கு அருகே யாருடையதோ ஒரு பேரி மரம், காய்த்துத் தொங்கியது. ஒரு நாள் நடுநிசியில், தெருவில் விளையாடித் திரிந்த பையன்கள் கூட்டமாகப் போய் அந்த மரத்தை உலுக்கினார்கள். காய்களை அள்ளிக்கொண்டு போனார்கள். தின்னவில்லை, ஒன்றிரண்டைக் கடித்திருக்கலாம். மீதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஊருக்கு ஊர் பையன்கள் செய்வது. ஆனால் அகுஸ்தீன் ஆயராகி, நாற்பது வயதைக் கடந்து, நான்காம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் தன் 'வாக்குமூலங்கள்' நூலை எழுதும்போது அந்த இரவை விட்டுவிடவில்லை. இரண்டாம் பகுதியில் அதைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசித்ததா? இல்லை. அந்தக் காய்கள் அழகானவையா, ருசியானவையா? அதுவும் இல்லை. அவர் வீட்டிலேயே அவற்றைவிட நல்ல பேரிகள் இருந்தன. அப்படியானால் எதற்காக? திருடுவதையே அவர் விரும்பினார். கூடாது என்பதாலேயே அதில் ஒரு சுவை இருந்தது. தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் சொல்கிறார். சிரித்துக்கொண்டே கூட வந்தவர்கள் இல்லாமல் அந்தக் கை நீண்டிருக்காது.

பெரிய பாவங்கள் என்று பிறர் சொல்லக்கூடியவை நிறைந்த தன் இளமையில், இந்தச் சின்னத் திருட்டுக்கு அவர் ஏன் இவ்வளவு இடம் கொடுத்தார் என்று பல அறிஞர்கள் வியந்திருக்கிறார்கள். எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. காமத்துக்கு உடம்பைக் காரணம் சொல்லலாம். பொறாமைக்கு எதிராளியைக் காரணம் சொல்லலாம். பசித்தவன் திருடினால் பசியைச் சொல்லலாம். தேவையே இல்லாமல் பறித்து, தின்னாமல் எறிந்த பேரிக்காய்க்கு எந்தக் காரணமும் ஒட்டவில்லை. சாக்கு எல்லாம் உதிர்ந்த பிறகு மிஞ்சுகிற மனத்தை அவர் அங்கே பார்த்தார். உள்ளே இருப்பதை அவ்வளவு பக்கத்தில் பார்க்கத் துணிந்தவர்கள் குறைவு.

அந்த இரவுக்கும் எழுதிய நாளுக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. கார்த்தேஜ், ரோம், மிலான் என்று அவர் போனார். மிலானில் ஒரு தோட்டத்தில், அத்தி மரத்தடியில் விழுந்து அழுதபோதுதான் அவர் வாழ்க்கை திரும்பியது; அது 386-ல். மறு ஆண்டு புனித அம்புரோஸ் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். பிறகு தாயை இழந்தார், ஊர் திரும்பினார், பெற்ற மகனை இழந்தார், ஹிப்போ நகரின் ஆயரானார். இவ்வளவுக்கும் பிறகே பதினாறு வயதுப் பையன் உலுக்கிய காய்கள் அவருக்குள் கனிந்து, சொல்லாக வந்தன. பறித்த மறுநாளே அவரைக் கேட்டிருந்தால் "சும்மா விளையாட்டுக்கு" என்றுதான் சொல்லியிருப்பார். மனம் வருந்துவதற்கும் ஒரு முற்றும் காலம் இருக்கிறது. அதற்கு முன் குடும்பமோ சமூகமோ இழுத்தால் வருவது துவர்ப்பு மட்டுமே. பிள்ளைகளிடம் 'தப்புன்னு ஒத்துக்கோ' என்று உடனே பிடித்து உலுக்குகிற பெற்றோரைப் பார்க்கும்போது மோனிக்கம்மாளின் நினைவு வரும். அவர் அழுதார், வேண்டினார், மகன் பின்னாலேயே கடல் கடந்து போனார். காத்திருந்தார். கத்தோலிக்கத் திருச்சபை ஆகஸ்ட் 27-ல் தாயையும் 28-ல் மகனையும் நினைவுகூர்கிறது. கொடைக்கானலில் அது பேரி இறங்குகிற பருவம்.

அந்த மரம் என்ன ஆயிற்று என்று அகுஸ்தீன் எழுதவில்லை. தோட்டக்காரர் காலையில் வந்து பார்த்திருப்பார், வயிறெரிந்திருப்பார். மரம் அடுத்த வசந்தத்தில் பூத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பேரி அப்படிப்பட்ட மரம். ஐந்து வெள்ளை இதழ்களுக்கு நடுவே சிவந்த மகரந்தப் பைகளோடு, இலை முழுவதும் விரிவதற்குள் கொத்துக் கொத்தாகப் பூத்துவிடும். நீண்ட ஆயுள் அதற்கு. நல்ல மண்ணில் இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் காய்க்கும்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் என்ற ஊரில் ஒரு பேரி மரம் நிற்கிறது. அங்கே அப்போதிருந்த குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த ஜான் எண்டிகாட் 1630-களிலோ 40-களிலோ நட்டது. புயல்கள் பலமுறை அதைச் சாய்த்தன, கிளைகளை முறித்தன. 1964-ல் யாரோ இரவில் வந்து கிளைகளை எல்லாம் அறுத்து, அடிமரத்தையும் ஆறடி உயரத்தில் வெட்டிப்போட்டார்கள். எந்தப் பகையும் இல்லை, எந்த லாபமும் இல்லை. தகாஸ்தேயில் நீண்ட அதே கைதான் இங்கும் நீண்டது என்று எனக்குத் தோன்றும். மொட்டையாக நின்ற அடிமரம் மறுபடி துளிர்விட்டது. இன்றும் காய்க்கிறது. வட அமெரிக்காவில் மனிதர் நட்டு வளர்த்த பழ மரங்களில், உயிரோடு இருப்பவற்றுள் இதுவே மூத்தது என்கிறார்கள்.

நியூயார்க்கில் இன்னொன்று. உலக வர்த்தக மையக் கோபுரங்களின் முற்றத்தில் 1970-களில் நட்ட கேலரி வகைப் பேரி. அதன் காய் கோலிக்குண்டு அளவுகூட இருக்காது. மனிதருக்கு உணவாகாது, பறவைகள் தின்னும். 2001 செப்டம்பரில் கோபுரங்கள் விழுந்தபின், அக்டோபரில் இடிபாடுகளுக்கு அடியில் கருகிய அடிமரமும் முறிந்த வேருமாக அதைக் கண்டெடுத்தார்கள். எட்டடி உயரமே மிஞ்சியிருந்தது. பிராங்ஸ் பகுதியின் நாற்றுப்பண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 2010 மார்ச்சில் ஒரு புயல் அதை வேரோடு சாய்த்தது, மறுபடி நிமிர்த்தினார்கள். அந்த டிசம்பரில் அது பழைய இடத்துக்கே திரும்பியது. பழைய அடிமரம் முரடும் முடிச்சுமாக இருக்க, அதிலிருந்து எழுந்த புதுக் கிளைகள் மழமழவென்று இருக்கின்றன. எங்கே முறிந்தது, எங்கிருந்து துளிர்த்தது என்பதைக் குழந்தைகூட விரல் வைத்துக் காட்டிவிடலாம். பேரிடரோ வன்முறையோ கண்ட ஊர்களுக்கு அதன் கன்றுகளை 2013-லிருந்து அனுப்பிவருகிறார்கள். உண்ணக் காய் தராத மரம் தன்னையே தந்துகொண்டிருக்கிறது.

பாரதத்துக்குப் பேரி வந்த விதத்தையும் யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் வந்த அந்தச் சீனத் துறவி, பஞ்சாபில் சீனபதி என்ற நாட்டைக் குறிப்பிடுகிறார். அவர் கேட்டறிந்தபடி, குஷானப் பேரரசர் கனிஷ்கரிடம் சீனப் பகுதியிலிருந்து பிணையாக வந்தவர்கள் குளிர்காலத்தில் தங்கிய இடம் அது. பேரரசர் அவர்களைப் பரிவோடு நடத்தினார். கோடையில் ஓரிடம், வசந்தத்தில் ஓரிடம், குளிரில் இந்தச் சீனபதி என்று பருவத்துக்குத் தக்க இருப்பிடம் அமைத்துக் கொடுத்தார். அதுவரை அந்தப் பக்கம் பீச்சும் பேரியும் இல்லை. பிணைக்கைதிகள்தாம் அவற்றை நட்டார்களாம். அதனால் பீச்சுக்குச் 'சீனானி' என்றும், பேரிக்குச் 'சீனராஜபுத்ர', அதாவது சீனத்து இளவரசன் என்றும் பெயர் வழங்கியதாக அவர் எழுதுகிறார்.

பிணைக்கைதி என்றால் என்றைக்கு ஊர் திரும்புவோம் என்று அறியாதவன். நாளைக்கே ஓலை வரலாம், வராமலே போகலாம். அப்படிப்பட்டவன் பேரி நட்டிருக்கிறான். விதையிலிருந்து வளர்ந்தால் காய்க்கப் பல ஆண்டுகள் எடுக்கும் மரம் அது. காய்க்கும்போது தான் அங்கே இருக்கக்கூடாது என்றுதான் அவன் மனம் வேண்டியிருக்கும். ஆனாலும் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினான். பலன் கருதாமல் செய்வதைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பலன் வரும்போது நான் இங்கே இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே ஒருவன் செய்த காரியம் என் நெஞ்சில் தனியாக நிற்கிறது. அவன் பெயர் தெரியாது. அவன் ஏக்கத்தைப் பழத்தின் பெயராக்கி ஊர் வைத்துக்கொண்டது. பேரிக்குக் குளிர்காலம் வேண்டும். கிளைகள் போதிய குளிரை அனுபவித்தால்தான் அடுத்த பருவம் ஒழுங்காகப் பூக்கும். அந்த மனிதர்கள் குளிர்காலம் கழித்த ஊரில் அது வேர்விட்டது பொருத்தம்தான்.

சீனாவிலோ இந்தப் பழத்தோடு ஒரு பிள்ளையின் பெயர் சேர்ந்திருக்கிறது. கன்பூசியஸின் வழியில் வந்த கொங் ரோங் என்பவர் 153-ல் பிறந்தவர். நான்கு வயதில் வீட்டில் பேரிக்காய் பங்கிட்டபோது, பெரியதை எல்லாம் விட்டுவிட்டு இருப்பதிலேயே சிறியதை எடுத்துக்கொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, நான் சின்னவன், எனக்குச் சின்னது போதும் என்று சொன்னதாகக் கதை. சிறுவர்கள் எழுத்துக் கற்றுக்கொள்ளும் மூவெழுத்து நூலில் இது இடம்பெற்று, நூற்றாண்டுகளாகப் பிள்ளைகள் வாயில் புழங்குகிறது. பிற்காலத்தில் கொங் ரோங் அஞ்சாமல் பேசும் அறிஞராக வளர்ந்து, அதிகாரத்தில் இருந்த சாவ் சாவின் கோபத்துக்கு ஆளாகி, 208-ல் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். விட்டுக்கொடுத்தவனுக்கு உலகம் விட்டுக்கொடுத்தது என்று முடியும் கதையல்ல இது. இருந்தும் அந்த நான்கு வயதுக் கை சிறிய காயை எடுத்த கணம் அழியவில்லை. பலன் வந்ததா என்று கேட்காமலே மக்கள் அதைச் சொல்லிவருகிறார்கள்.

அதே சீனாவில் கணவனும் மனைவியும் ஒரே பேரியை வெட்டிப் பங்கிட்டுக்கொள்ளத் தயங்குவார்கள். பேரிக்கும் பிரிவுக்கும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. வெட்டிப் பகிர்ந்தால் பிரிந்துவிடுவோம் என்ற அச்சம். அன்பு இருக்கும் இடத்தில்தான் இப்படிப்பட்ட அச்சமும் இருக்கும் என்பதால் எனக்கு அந்த வழக்கத்தின் மீது மரியாதை உண்டு.

வெட்டக்கூடாத பழம் என்றதும் தமிழ் மனம் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. கொடைக்கானலே பழனி மலைத்தொடரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பேரி காய்க்கும் அதே மலையில் 1936-ல் எழுந்தது குறிஞ்சி ஆண்டவர் கோயில். ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார் கட்டியது. குறிஞ்சி பூக்கிற மலையில் குறிஞ்சிக் கடவுளுக்கு ஒரு வீடு. மேகம் இல்லாத நாளில் அங்கிருந்து கீழே பார்த்தால் தூரத்தில் பழனிக் கோயில் தெரியும். கடல் கடந்து வந்த அம்மையார் கட்டிய சந்நிதி, கடல் கடந்து வந்த பழ மரங்கள் நிற்கும் மலையில் இருக்கிறது. இரண்டையும் நம் மண் வெளியாராக நினைக்கவில்லை.

பழனிக் கதை எல்லோருக்கும் தெரியும். நாரதர் கொண்டுவந்த ஞானப்பழம் ஒன்று, பிள்ளைகள் இருவர். வெட்டிக் கொடுத்தால் அதன் தன்மை போய்விடும் என்பார்கள். உலகை முதலில் சுற்றி வருபவருக்கு என்றார் சிவபெருமான். தம்பி மயிலேறிப் பறந்தார்; அண்ணன் அம்மையப்பனை வலம்வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த முருகன் எல்லாவற்றையும் துறந்து, தண்டும் கோவணமுமாக மலையேறி நின்றுவிட்டார். கொங் ரோங்கைப் போல அவர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்ட பிள்ளையை நம் ஊர் கண்டிக்கவில்லை. மலையேறிப் போய், நீயே பழம் அல்லவா என்று தேற்றியது. இன்றும் தைப்பூசத்துக்குக் காவடி தூக்கி நடக்கிறவர்களுக்கு அந்தத் தேற்றுதலில் பங்குண்டு.

முருகனுக்கு நடந்ததைப் பேரியின் வழியாகப் பார்க்கும்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. பழம் கிடைக்காமல் போனதுதான் அவரைக் கயிலையிலிருந்து பிரித்தது. அந்தப் பிரிவில், அந்தத் தனி மலையில், வேண்டியது கிடைக்காத அந்தக் கோலத்தில் அவர் நமக்குக் கனிந்தார். கயிலையிலேயே பழத்தைப் பெற்றுக்கொண்டு இருந்திருந்தால், மதுரை வெயிலில் வெறுங்காலோடு நடக்கிற ஒரு கூலித் தொழிலாளிக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றிருப்பாரா? தெய்வத்துக்கே தன் வீட்டை விட்டுக் காம்பு விட வேண்டியிருந்தது.

அடிவாரத்தில் அவர் பெயரால் கிடைப்பதோ பஞ்சாமிர்தம். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சம்பழம், கற்கண்டு. பேரீச்சைக்கும் பேரிக்கும் உறவு ஏதுமில்லை, ஒலி மட்டும் அருகருகே நிற்கிறது. அந்த வாழை இதே மலைத்தொடரின் விருப்பாச்சிப் பக்கம் விளைவது. 2019-ல் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழத்தைப் பிசைந்து ஒன்றாக்குவதுதான் இதன் பக்குவம். யாருக்குப் பெரிய பங்கு, யாருக்குச் சிறியது என்று அளக்க அதில் துண்டுகள் இருப்பதில்லை. ஒரு பழத்தை இருவருக்குப் பங்கிட முடியாமல் பிரிந்துவந்த பிள்ளை, தன் வாசலுக்கு வருகிற எல்லோர் உள்ளங்கையிலும் பழத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் பிள்ளையாருக்கும் அடிவாரத்தில் கோயில் இருக்கிறது. மலையேறுகிறவர்கள் முதலில் அவரைக் கும்பிட்டுத்தான் படியில் கால் வைக்கிறார்கள்.